துணையாறு என்று யார் பேர் வைத்தது?

"தாமிரபரணியில் வெள்ளம்." 1992 நவம்பர் 13ஆம் தேதி நடந்ததையும் இப்படித்தான் எழுதினார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நடந்ததையும் இப்படித்தான் எழுதினார்கள். இந்த இரண்டு சொல் வாக்கியத்தை நாம் நம்பிவிடுகிறோம். ஆறு ஒன்று, அதற்குப் பேர் ஒன்று, அது பொங்கியது, ஊரை அழித்தது. கதை முடிந்தது. ஆனால் பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் விழுகிற, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடுகிற இந்த ஆறு தன் தலைநீரை மட்டும் வைத்துக்கொண்டு வெள்ளமாவதில்லை. வெள்ளத்தைச் செய்கிறவை வேறு. அவற்றின் பேர் செய்தியில் வருவதில்லை, தலபுராணத்தில் வருவதில்லை. வந்தாலும் 'துணையாறுகள்' என்று ஒரே மூச்சில் சொல்லித் தள்ளிவிடுகிறார்கள்.

உழைப்பது ஒருத்தன், பேர் வாங்குவது இன்னொருத்தன் என்பது நமக்குப் பழகிய கதை. அதனால்தான் இந்த வெள்ளத்தின் வரலாற்றை மேலிருந்து கீழாக இல்லாமல், பக்கத்திலிருந்து வந்து விழுகிற ஆறுகளின் வழியாகப் படித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

1

முதலில் பேர்களைச் சொல்லிவிடுவோம். மலைக்குள்ளேயே சேர்வலாறு வந்து சேர்கிறது. இறங்கியதும் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் மணிமுத்தாறு. அதற்குக் கீழே, ராமநதியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு கடனாநதி வந்து திருப்புடைமருதூரில் கலக்கிறது. களக்காட்டு மலையில் புறப்பட்ட பச்சையாறு தருவை அருகே. இவ்வளவும் திருநெல்வேலிக்கு மேலே. திருநெல்வேலியைத் தாண்டி, சீவலப்பேரியில் சிற்றாறு. அது குற்றாலத்திலிருந்து வருகிறது. தனியாகவும் வரவில்லை. குண்டாறு, அனுமாநதி, கருப்பாநதி என்று தனக்கும் ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறது. பேர் சிற்றாறு. ஒரு ஆற்றுக்கே சிறிய ஆறு என்று பேர் வைத்துவிட்டால் பிறகு அது எவ்வளவு தண்ணீர் கொண்டுவந்தாலும் சிறிசுதான்.

இவை எல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் பிறந்தவை. தூரம் குறைவு, சரிவு அதிகம். மலையில் கொட்டிய மழை சில மணி நேரத்திலேயே தரைக்கு வந்துவிடும். சாதாரண மழையில் ஒரு மலையில் பெய்யும், பக்கத்து மலையில் வெறிக்கும். மணிமுத்தாற்றின் உச்சநீர் வடிந்த பிறகு கடனாநதியின் உச்சநீர் வரும். அது போன பிறகு பச்சையாற்றின் முறை. ஆறு ஒவ்வொன்றையும் வாங்கி, கீழே அனுப்பி, அடுத்ததுக்கு இடம் வைத்திருக்கும். ஒரு புயற்சின்னம் களக்காட்டிலிருந்து குற்றாலம் வரைக்கும் ஒரே ராத்திரியில் மூடிக்கொண்டு கொட்டும்போதுதான் கணக்கு மாறுகிறது. எல்லா உச்சநீரும் ஒரே நேரத்தில் வந்து நிற்கின்றன. ஒருவர் பின் ஒருவராக வந்தால் வழி விடுகிற வாசலில் ஐந்து பேர் ஒன்றாக நுழைந்தால் என்ன ஆகும்? வெள்ளம் என்பது அதுதான். எவ்வளவு தண்ணீர் என்பதோடு, எல்லாத் தண்ணீரும் எப்போது சந்திக்கின்றன என்பதும் அதில் இருக்கிறது.

இன்னொரு சங்கதியும் உண்டு. பேராறு நிறைந்து ஓடும்போது துணையாற்றின் வாய் அடைபட்டுப் போகிறது. ஓடை கொண்டுவந்த நீர் உள்ளே போக முடியாமல் நின்று, ஆற்று நீரும் ஓடைக்குள் எதிர்த்து ஏறி, இரண்டும் சேர்ந்து பின்னோக்கிப் பரவுகின்றன. ஆற்றங்கரையில் இல்லாத ஊர், ஆற்றைக் கண்ணால் பார்க்க முடியாத தெரு, இப்படித்தான் மூழ்குகிறது. ஓடை வாயிலும் குளத்து மறுகால் போகிற வழியிலும் யார் குடியிருக்கிறார்கள் என்று தென் மாவட்டத்து ஊர்களை நடந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

2

தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு 'முக்கூடற்பள்ளு' பாடத்தில் இருந்திருக்கும். எனக்கும் இருந்தது. 'சிற்றிலக்கியம்' என்ற தலைப்பில். சிற்றாறு, சிற்றிலக்கியம்: இந்த 'சிறு' யார் அளந்து வைத்த அளவு என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை. நயம் சொன்னார்கள், சந்தம் சொன்னார்கள், இரண்டு பள்ளியர் ஏசிக்கொள்வதைச் சொல்லிச் சிரித்தார்கள். முக்கூடல் எங்கே இருக்கிறது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. பீடிக்குப் பேர்போன முக்கூடல் என்றே நாங்கள் பாதிப்பேர் நினைத்திருந்தோம். அது வேறு. பள்ளு பேசுகிற முக்கூடல் இன்றைய சீவலப்பேரி. தண்பொருநையோடு சிற்றாறு கலக்கிற அதே இடம்.

ஆசிரியர் பேர் தெரியாத அந்த நூல் ஒரு வெள்ளத்தின் வரலாறு என்பதை நான் பிற்பாடுதான் கண்டேன். மழை வரப்போகிறது என்பதை அங்கே பள்ளர்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. எந்தத் திசையில் மின்னல், காற்று எங்கிருந்து சுழல்கிறது, நண்டு வளையை எப்படி அடைக்கிறது என்று பார்த்துச் சொல்கிறார்கள். பிறகு மலையில் பெய்த நீர் குறிஞ்சியைக் கடந்து, முல்லையைக் கடந்து, ஒவ்வொரு நிலத்துப் பொருளையும் உருட்டிக்கொண்டு வயலுக்கு வருகிறது. அந்த வெள்ளம் கொண்டுவந்த மீனுக்குப் பேர் சொல்கிறார்கள், விதைநெல்லுக்குப் பேர் சொல்கிறார்கள், மாட்டுக்குப் பேர் சொல்கிறார்கள். ஆற்றைப் பற்றிய முழு அறிவும் பள்ளனிடமும் பள்ளியிடமும் இருக்கிறது. அதிகாரம் பண்ணைக்காரனிடம் இருக்கிறது. கணக்குக் கேட்டு, குடும்பனின் காலைக் குட்டையில் மாட்டுகிறவன் அவன். வெள்ளத்தை வாசிக்கத் தெரிந்தவனின் கால் மரக்கட்டையில். இதைவிடச் சுருக்கமாக நம் நீர்வரலாற்றை எழுத முடியாது.

இந்த அறிவு பாட்டோடு நின்றுபோனதுமில்லை. மடை திறக்கவும் அடைக்கவும், குளத்துக் கரையில் ராத்திரி படுத்துக் காவல் காக்கவும், மறுகால் போகிற சத்தத்தை வைத்தே எத்தனை அடி என்று சொல்லவும் தெரிந்த மடைக்குடும்பர்களும் நீர்பாய்ச்சிகளும் நம் ஊர்களில் நேற்றுவரை இருந்தார்கள். அவர்களுக்குக் களத்தில் அளந்துபோட்ட நெல் உண்டு. ஆவணத்தில் இடமில்லை.

வெள்ளைக்கார அதிகாரம் வந்து இந்த உறவைச் சட்டமாக்கியது. 1858ஆம் ஆண்டின் முதலாம் சட்டம், சென்னை மாகாணத்துக் கட்டாய வேலைச் சட்டம். ஆற்றங்கரையோ ஏரிக்கரையோ உடையப்போகிறது என்று அதிகாரி கருதினால், பக்கத்திலுள்ள 'உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த' திடமான ஆண்கள் அத்தனை பேரையும் கரையடைக்க வரவழைக்கலாம் என்றது அது. மறுத்தால் தண்டனை. வெள்ளம் வந்தால் கரையில் யார் நிற்க வேண்டும் என்பதைச் சட்டமே வகுப்பைச் சொல்லி எழுதிவைத்திருக்கிறது பாருங்கள். ஆற்றில் எட்டு அணைக்கட்டு: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியான ஸ்ரீவைகுண்டம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. கட்டிய துரை யார், கட்டிய ராஜா யார் என்று தேடினால் பேர் கிடைக்கும். கல் சுமந்தவன், உடைப்பில் மண்மூட்டையோடு இறங்கியவன் பேர் கிடைக்காது.

இனவரைவியல் எழுதவந்த எட்கர் தர்ஸ்டன் தன் 1909ஆம் ஆண்டுத் தொகுதியில், பள்ளமான நிலத்தோடு சேர்த்துப் பள்ளர் என்ற பேருக்கு விளக்கம் எழுதினார். சாதிகள் உண்டானபோது தாழ்ந்த நிலத்தில் நின்றவர்கள் என்று ஒரு கதை, நன்செயில் வேலை செய்பவர்கள் என்று இன்னொரு கதை. இன்றைக்கு அந்தப் பேரே அரசுப் பட்டியலில் மாறிவிட்டது. 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின்படி தேவேந்திரகுல வேளாளர். பேர் மாறியது ஒரு போராட்டத்தின் வெற்றி. பள்ளம் மாறியதா என்பதுதான் என் கேள்வி. நத்தத்து மேட்டில் ஊர், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கீழத்தெரு. அரசாங்கம் காலனி கட்டியபோதும் மேட்டு நிலத்தை எந்த மிராசு கொடுத்தான்? குளத்துக்குள்ளும் ஓடைப் புறம்போக்கிலும் மிஞ்சிய இடத்தைத்தான் அளந்து கொடுத்தார்கள். தண்ணீருக்குச் சாதி தெரியாது என்பார்கள். தெரியாதுதான். ஆனால் தெருவை எங்கே வைக்க வேண்டும் என்று முடிவு செய்தவனுக்குத் தெரிந்திருந்தது. தண்ணீர் அவன் போட்ட வரைபடத்தின்படி வருகிறது.

3

1992ஆம் ஆண்டு வெள்ளம் மலைநீர் வெள்ளம். மேற்கே ஒரே இரவில் கொட்டியது. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகள் நிரம்பி, அவற்றின் நீர் ஒன்றாக இறங்கியது. இதில் மணிமுத்தாறு அணை 1958இல் காமராசர் ஆட்சியில் கட்டியது. 118 அடி. அதற்கு முன் அந்தத் துணையாற்று வெள்ளம் நேராக வந்து தாமிரபரணியில் விழுந்து கடலுக்குப் போகும். அணை அதைப் பிடித்துவைத்து, எண்பதடிக் கால்வாய் வழியாக வறண்ட பகுதிகளுக்கு அனுப்பியது. நல்ல காரியம்தான். ஆனால் ஒரு அணை எவ்வளவு நீரை வாங்கும் என்பதற்கு எல்லை உண்டு. வடகிழக்குப் பருவத்தின் நடுவில், ஏற்கெனவே நிறைந்த அணையில் பெருமழை விழுந்தால் வந்தது அப்படியே வெளியே போக வேண்டியதுதான். மூன்று அணையும் ஒரே ராத்திரியில் அந்த நிலைக்கு வந்தால், துணையாறுகளைத் தனித்தனியாகப் பிரித்துவைத்த வேலி ஒரே நேரத்தில் திறந்த மாதிரி.

அப்போது நான் கைக்குழந்தை. எங்கள் தெரு பேராற்றிலிருந்து ஒரு மைல் தள்ளி, ஒரு ஓடை ஓரம். எங்கம்மா சொல்வாள்: "எல்லாரும் ஆத்துப் பக்கமே பாத்துக்கிட்டு நின்னோம். ஊருக்குள்ள இருந்து ஆள் வந்து, தண்ணி ஏறுனா சொல்லுவாவன்னு இருந்தோம். தண்ணி பொறத்தால வந்துட்டு. ஓடை வழியா. அடுப்புக்குள்ள தண்ணி பொங்குன பொறவுதான் தெரிஞ்சுது." ஊரில் தண்டோரா போட்டார்களாம். தண்டோரா சத்தம் வாய்க்கால் தாண்டவில்லை. அந்த வருஷப் பிசான நடவு அழிந்தது. பயிருக்கு வந்த நிவாரணம் அடங்கலைப் பார்த்து வந்தது. நடவுக்கூலியை இழந்தவளுக்கு அடங்கலில் பேர் கிடையாது. "வயல் அவியளுது, வெள்ளம் மட்டும் நம்மளுதா?" என்று அம்மா இன்றைக்கும் கேட்பாள். இந்தக் கேள்விக்கு எந்த ஆய்வேட்டிலும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

4

மணிமுத்தாற்றைப் பற்றி எழுதிவிட்டு மாஞ்சோலையை எழுதாமல் போக முடியாது. அந்த ஆற்றுக்கு நீர் கொடுக்கிற மலை அது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,374 ஏக்கரை 1929இல் 99 வருஷக் குத்தகைக்கு வாங்கியது பம்பாய் பர்மா கம்பெனி. காட்டை வெட்டித் தேயிலை நட கீழே இருந்தும் கேரளத்திலிருந்தும் ஆட்கள் போனார்கள். பெரும்பாலும் தலித்துகள். அட்டை கடிக்கிற மழையில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தார்கள். மழைக்காலத்தில் பத்திரிகையைத் திறந்தால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று வரிசையாக மழையளவு போடுவான். அந்த நான்கு பேரும் நமக்கு மனப்பாடம். அங்கே மழையில் நனைந்தவர்களின் பேர் 1999இல்தான் பத்திரிகைக்கு வந்தது. அதுவும் செத்த பிறகு.

1999 ஜூலை 23. கூலி உயர்வு கேட்டும், சிறையில் அடைத்த தொழிலாளர்களை விடுவிக்கக் கேட்டும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலம் போனவர்களைக் கொக்கிரகுளத்தில் போலீஸ் அடித்து விரட்டியது. ஆற்றுக்குள் ஓடினார்கள். ஆற்றுக்குள்ளும் விரட்டினார்கள். 17 பேர் செத்தார்கள். இரண்டு பெண்கள், ஒரு கைக்குழந்தை உட்பட. அன்றைக்கு ஆற்றில் வெள்ளம் எதுவும் இல்லை. மணிமுத்தாற்றின் தலையில் வாழ்ந்தவர்களின் நியாயத்துக்காகப் போனவர்கள், மணிமுத்தாறு கலந்து வருகிற தாமிரபரணியில் மிதந்தார்கள். ஒரு துணையாற்றின் பாதையும் ஒரு கூலிப் போராட்டத்தின் பாதையும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. 2018 அக்டோபரில் இதே ஆற்றுக்குப் புஷ்கரம் நடத்தி லட்சக்கணக்கில் முங்கிக் குளித்தார்கள். பாவம் போக்குகிற ஆறு என்றார்கள். 17 பேரைப் பற்றி அந்த மேடைகளில் யாரும் பேசியதாக நான் கேள்விப்படவில்லை. ஆற்றின் புனிதத்தை எழுதுகிற கை, ஆற்றின் வரலாற்றை எழுதுவதில்லை.

2024இல் குத்தகை முடிய நான்கு ஆண்டு இருக்கும்போதே, விருப்ப ஓய்வு என்று கையெழுத்து வாங்கி கம்பெனி அந்தத் தொழிலாளர்களை மலையைவிட்டு இறங்கச் சொன்னது. வழக்கு உயர்நீதிமன்றம் போனது. நீர்ப்பிடிப்புப் பகுதி காடாக இருக்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. மலையில் காடு இருந்தால் மழை மெல்ல இறங்கும், ஆற்றுக்கும் நல்லது. ஆனால் காட்டை வெட்டச் சொன்னவன் லாபத்தோடு போகிறான், வெட்டியவன் வீடில்லாமல் இறங்குகிறான் என்றால், அந்தக் காட்டுப் பாதுகாப்பின் கூலியையும் நாம்தான் கட்டுகிறோம் என்று அர்த்தம்.

5

2023 டிசம்பர் வெள்ளம் வேறு மாதிரி. 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62, மூலைக்கரைப்பட்டியில் 61. மலையில் மாஞ்சோலையில் 55. இந்த எண்களை மெதுவாகப் படியுங்கள். மலையைவிடக் கீழே அதிகம். அணைக்கு மேலே பெய்ததை அணை கொஞ்சமாவது பிடிக்கும். அணைக்குக் கீழே பெய்ததைப் பிடிக்க யார் இருக்கிறார்கள்? நூற்றுக்கணக்கான குளங்களும், பேரில்லாத ஓடைகளும்தான். மேல்குளம் மறுகால் போனால் அடுத்த குளத்துக்கு. அது நிறைந்தால் அதற்கடுத்ததுக்கு. ஒரு கரை உடைந்தால் அந்த நீர் முழுசும் அடுத்த கரையின் மேல் விழும். இப்படிச் சரம் சரமாக உடைந்த குளங்களின் நீரும், மலையிலிருந்து வந்த ஐந்து ஆறுகளின் நீரும் மருதூருக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஒன்றாக வந்து நின்றன. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனதை நாடே பார்த்தது. அந்தத் தண்டவாளத்துக்குக் கீழே, ஓடைக்கரைகளில், கூரைமேல் ஏறி நின்றவர்களை நாடு பார்க்கவில்லை.

அந்த வாரம் வந்த செய்திகளை எல்லாம் சேர்த்துவைத்துப் படித்தேன். பாபநாசத்தில் இத்தனை கன அடி திறப்பு, மணிமுத்தாற்றில் இத்தனை என்று வேளைக்கு வேளை கணக்கு வந்திருக்கிறது. அணை இல்லாத ஓடைகளில் எவ்வளவு வருகிறது என்று நான் படித்த எதிலும் ஒரு வரி இல்லை. அளக்கிறதில் மட்டும்தான் அரசுக்குக் கண் இருக்கிறது. அளக்காத ஓடையில் வருவது அதற்குத் தண்ணீரே இல்லை. பிறகு "எதிர்பாராத வெள்ளம்" என்று அறிக்கை. யார் எதிர்பார்க்கவில்லை? அந்த ஏரலுக்குப் போகிற வழியில் நிவாரணப் பையோடு ஒரு காலனிக்குள் நுழைந்தபோது ஒரு பெரியவர் சொன்னார்: "சாயங்காலமே மறுகால் சத்தம் மாறிட்டு தம்பி. நான் சொன்னேன். கேக்க ஆளில்ல." முக்கூடலின் குடும்பன் இன்னும் சாகவில்லை. குட்டையில் மாட்டுவதற்குப் பதிலாக, அவர் சொல்வதைக் காதில் வாங்காமல் விடுகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

6

ஆகவே நாம் கேட்க வேண்டியது பெரிய காரியம் இல்லை. பச்சையாறு, கடனாநதி, சிற்றாறு கலக்கிற வாய்களிலும், குளத்துத் தொடர்களின் மறுகால்களிலும் நீர்மட்டம் அளக்கிற ஏற்பாடு வேண்டும். அந்த அளவு அணைக் கணக்கோடு சேர்ந்து வெளியே வர வேண்டும். எச்சரிக்கை ஊர்ச் சாவடியில் தொடங்கிக் காலனியில் முடிகிற பாதையைத் தலைகீழாக்க வேண்டும். தண்ணீர் முதலில் எங்கே ஏறுமோ அங்கே முதலில் சொல்ல வேண்டும். ஓடை வாயிலும் குளத்துக்குள்ளும் கொடுத்த மனைகளுக்குப் பதில் மேட்டில் பட்டா வேண்டும். நிவாரணப் பட்டியல் நிலத்தைப் பார்த்து எழுதுவதோடு நின்றுவிடாமல், இழந்த கூலியையும் எழுத வேண்டும். மடை தெரிந்த பெரியவர்கள் இன்னும் சிலர் மிச்சம் இருக்கிறார்கள். மாணவர்கள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து, ஓடையின் பேர், அது எங்கே கலக்கும், எந்த வருஷம் எந்தத் தெருவுக்குள் எவ்வளவு ஏறியது என்று எழுதி வாங்க வேண்டும். அதற்குப் பல்கலைக்கழக அனுமதி தேவையில்லை.

பேராற்றின் வரலாற்றை எழுதியாகிவிட்டது. கல்வெட்டு, புராணம், கெஜட்டியர் என்று அதற்கு நூறு பேர் இருந்தார்கள். அதற்குள் வந்து விழுந்த நீரின் வரலாறு இனிமேல்தான் எழுதப்பட வேண்டும். எழுதும்போது 'துணையாறு' என்ற சொல் வந்தால் ஒரு நிமிஷம் நிறுத்தி, அதன் பேரை முழுசாகச் சொல்லிவிட்டு மேலே போவோம்.